மெல்போர்னுக்குப் படிக்க வரும் டெல்டா பிள்ளைகளுக்கு: கன்சல்டிங் அனுபவம் தேடும் வழி

பொங்கலுக்குத் திருத்துறைப்பூண்டி வந்திருக்கிறேன். மூன்று நாளில் நான்கு வீட்டார் வந்துவிட்டார்கள். பிள்ளை மெல்போர்னில் முதுகலை சேர்ந்திருக்கிறான், பிப்ரவரியில் விமானம், அங்கே வேலை அனுபவம் எப்படிக் கிடைக்கும் என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். திண்ணையில் உட்கார்ந்து அவர்களிடம் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களில் பணியோடு இணைந்த கற்றல் என்று ஓர் ஏற்பாடு உண்டு. அதில் ஒரு வகை, மாணவர்கள் நான்கைந்து பேர் குழுவாகச் சேர்ந்து ஒரு நிறுவனத்தின் சிக்கலை ஒரு செமஸ்டர் முழுக்க ஆராய்ந்து அறிக்கை தருவது. அதற்கு மதிப்பெண்ணும் உண்டு. உள்ளூரில் யாரையும் தெரியாத ஒருவர் கன்சல்டிங், அதாவது நிறுவனங்களின் சிக்கலை ஆராய்ந்து வழி சொல்லும் ஆலோசனைத் தொழிலுக்குள் நுழைய இதுவே நல்ல வழி என்பது என் எண்ணம். பெரும்பாலும் இது விருப்பப் பாடம். செமஸ்டர் தொடங்குவதற்கு வெகுமுன்பே விண்ணப்பம் முடிந்துவிடும். மேட்டூரில் தண்ணீர் திறந்த பிறகு விதைநெல் தேடி அலைவதுபோல் ஆகிவிட வேண்டாம். போய்ச் சேர்ந்த முதல் மாதமே துறையில் விசாரியுங்கள்.

விசா விதி சுருக்கமாக: வகுப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் வரை வேலை செய்யலாம். படிப்பின் கட்டாயப் பகுதியாகப் பதிவான பயிற்சி இந்தக் கணக்கில் வராது. நீங்களாகத் தேடிக்கொண்ட பயிற்சி வரும். படிப்புக்கான பயிற்சியில் சம்பளம் இல்லாமல் போகலாம், அது சட்டப்படி சரியே. படிப்போடு தொடர்பில்லாமல், சம்பளமும் இல்லாமல் மாதக்கணக்கில் உழைக்கச் சொன்னால் சந்தேகப்படுங்கள். ஃபேர் ஒர்க் ஆம்பட்ஸ்மன் என்ற அரசு அலுவலகத்தில் இலவசமாகக் கேட்கலாம். பணம் வாங்கிக்கொண்டு இன்டர்ன்ஷிப் பிடித்துத் தருவதாகச் சொல்லும் ஏஜென்டுகள் பக்கம் போகாதீர்கள்.

இனி, நான் அசடு வழிந்த கதை. நான் அங்கே படித்தபோது எங்கள் குழுவுக்குக் கிடைத்தது உணவுப்பொருள் வழங்கும் ஒரு சிறிய தொண்டு நிறுவனம். "தன்னார்வலர்கள் வருவதில்லை, விளம்பரத் திட்டம் வேண்டும்" என்றார்கள். இரண்டு வாரம் உட்கார்ந்து வண்ண வண்ணமாகத் திட்டம் போட்டோம். பிறகு ஒரு சனிக்கிழமை கிடங்குக்குப் போனால், ஆட்கள் வந்திருக்கிறார்கள்! என்ன வேலை என்று சொல்ல யாரும் இல்லாததால் அரை மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். விளம்பரம் செய்திருந்தால் இன்னும் நிறையப் பேர் வந்து நின்றுவிட்டுப் போயிருப்பார்கள். கடைமடையில் தண்ணீர் வரவில்லை என்றால் அப்பா முதலில் மண்வெட்டியோடு வாய்க்கால் நெடுக நடப்பார். எங்கே அடைத்திருக்கிறது என்று பார்த்த பிறகுதான் யாரையும் ஏசுவார். அவர் மகனுக்கு அது இரண்டு வாரம் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது.

அங்கே வாடிக்கையாளரை, அதாவது சிக்கலைத் தந்த நிறுவனத்தாரை, பெயர் சொல்லித்தான் அழைக்க வேண்டும். நமக்கு நாக்கு கூசும், பழகிவிடும். தெரியாததற்குத் தலையாட்டாமல், "வெள்ளிக்கிழமைக்குள் பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள், வெள்ளிக்கிழமை சொல்லியும் விடுங்கள். எது நம் வேலை, எது இல்லை என்பதை முதல் வாரமே எழுத்தில் வாங்குங்கள். நிறுவனத்தின் பெயரைத் தன்விவரக் குறிப்பில் போடுவதற்கு முன் அனுமதி கேளுங்கள். ரகசியக் காப்பு ஒப்பந்தம் இருக்கக்கூடும்.

நேற்று வந்த பையன், "என்னிடம் அனுபவம் என்று சொல்ல ஒன்றும் இல்லையே அண்ணா, நேர்காணலில் என்ன சொல்வது?" என்றான். அதற்குள் அவன் அப்பாவிடமிருந்து போன். நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தேங்கிக் கிடக்கிறது, ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று திருப்பிவிட்டார்கள். பேசி முடித்துவிட்டு, ஏன் தேங்குகிறது, சாக்கு எப்போது தீர்ந்துபோகும், லாரி வராவிட்டால் யாருக்கு நட்டம், சாலையில் காயவைத்தால் எத்தனை நாள் ஆகும் என்று பத்து நிமிடம் எனக்கு விளக்கினான். இதையே நேர்காணலில் சொல் என்றேன். நான் கேலி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டான்.