பன்றியும் 'பிக்', பெரியதும் 'பிக்': ஆங்கிலம் வாசிக்க அடம்பிடிக்கும் குழந்தைக்கு ஒரு செய்முறை

தமிழ்ப் பாடத்தைக் கடகடவென்று படிக்கிற மூன்றாம், நான்காம் வகுப்புக் குழந்தை, ஆங்கிலப் புத்தகத்தை எடுத்தால் மட்டும் தண்ணீர் குடிக்க எழுந்து போகிறதா? இந்த முறை அப்படிப்பட்ட குழந்தைக்குத்தான். தமிழே தடுமாறுகிறது என்றால் நேராகக் கடைசிப் பத்திக்குப் போங்கள்.

வேண்டியவை: ஒரு நோட்டு, பென்சில், இரண்டு விரல் அகலக் காகிதத் துண்டு, தினமும் 15 நிமிடம். முதல் மாதம் ஆப் எதுவும் வேண்டாம். அதில் வரும் நட்சத்திரத்தைப் பிடிப்பதிலேயே கவனம் போய்விடும்.

முதலில் ஒரு சோதனை

எல்-ஓ-எம், எஃப்-ஐ-எஸ், என்-யூ-எம். அர்த்தமே இல்லாத இந்த மூன்றையும் சின்ன எழுத்தில் எழுதிக் காட்டுங்கள். 'லாம், ஃபிஸ், நம்' என்று வாசித்தால் எழுத்துக் கூட்டத் தெரிகிறது, சொற்கள்தான் போதவில்லை. படி 3க்குத் தாவலாம். விழித்தால், இதுவரை சொற்களைப் படம்போல மனப்பாடம் செய்தே ஓட்டியிருக்கிறது.

படி 1: எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு

'எஸ்-யூ-என் சன்' என்றுதான் பல இடங்களில் சொல்லித் தருகிறார்கள். எஸ், யூ, என் மூன்றையும் எத்தனை வேகமாகச் சேர்த்தாலும் 'சன்' வராது. ஒலியைச் சொல்ல வேண்டும்: ஸ், அ, ன்.

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். 'ஸ, அ, ன' என்று உயிரையும் சேர்த்து உச்சரித்தால் குழந்தை 'ஸஅன' என்று நிற்கும். புள்ளி வைத்த மெய்யாகவே ஒலியுங்கள். க் + அ = க என்பது அதற்கு ஏற்கெனவே அத்துப்படி; 'அதே கணக்குதான்' என்று சொன்னால் முகம் தெளியும். 'ஸ்கூல்' 'இஸ்கூல்' ஆவதற்கும், 'ஃபில்ம்' 'ஃபிலிம்' ஆவதற்கும் இந்தப் புள்ளிதான் மருந்து.

எழுத்து வரிசையில் போகாதீர்கள். எஸ், ஏ, டி (டைகரின் டி), பி (பென்சிலின் பி), ஐ, என் ஆகிய ஆறும் முதலில். நாளுக்கு இரண்டு எழுத்து போதும். நான்காம் நாளே சிட், பின், டேப், நேப், பேன் எல்லாம் வாசிக்கலாம்.

படி 2: ஆங்கிலச் சொல்லுக்கு மேல் தமிழில் எழுதாதீர்கள்

பாடப் புத்தகத்தில் ஒவ்வொரு சொல்லின் தலையிலும் பென்சிலால் தமிழில் எழுதித் தருவது உதவி மாதிரி தெரியும். கண் தமிழை மட்டும் வாசிக்கும், ஆங்கிலத்தைத் தொடாது. அதோடு, பன்றியும் பெரியதும் தமிழில் எழுதினால் ஒரே 'பிக்'. நமக்கு ஒரே ப, ஒரே ட, ஒரே க. வித்தியாசம் அங்கேயே காணாமல் போகிறது.

காகிதத் துண்டை உதட்டுக்கு முன்னால் தொங்கவிட்டுப் பன்றியைச் சொல்லச் சொல்லுங்கள், காகிதம் துள்ளும். பெரியதைச் சொன்னால் ஏறக்குறைய அசையாது. 'மேன்', 'மென்' குழப்பத்துக்குத் தாடையின் கீழ் விரல்: ஒற்றை ஆளைச் சொல்லும்போது தாடை அதிகம் இறங்கும்.

படி 3: புத்தகம்

பிரதம் புக்ஸ் பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் இணையதளம் என் முதல் தேர்வு. இலவசம், நான்கு நிலைகள், பல கதைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கும். வகுப்பைப் பார்க்காமல் நிலை 1இல் தொடங்குங்கள். முதல் நாள் கதையைத் தமிழில் படித்துவிட்டால், மறுநாள் ஆங்கிலத்தில் அர்த்தத்துக்காக முட்டிமோத வேண்டியதில்லை. தூலிகா பதிப்பகத்தின் இருமொழிப் புத்தகங்களும் அழகானவை. தமிழ் வரியை அந்தக் காகிதத் துண்டால் மூடிக்கொள்ளுங்கள்.

பக்கத்துக்கு ஐந்து தெரியாத சொல் வந்தால் புத்தகம் கடினம் என்று ஒரு விரல் கணக்கு உண்டு. பக்கத்துக்கு இரண்டே வரி உள்ள புத்தகத்தில் அது செல்லாது. பத்துச் சொல்லுக்கு ஒன்றுக்கு மேல் தடுக்கினால் மாற்றிவிடுங்கள்.

படி 4: அந்த 15 நிமிடம்

3 நிமிடம் ஒலிகள், 7 நிமிடம் வாசிப்பு, 5 நிமிடம் நீங்கள் வாசிக்கக் குழந்தை கேட்பது. ஒரே கதை மூன்று நாள்: முதல் நாள் நீங்கள் ஒரு வரி, பின்னாலேயே குழந்தை, இரண்டாம் நாள் இருவரும் சேர்ந்து, மூன்றாம் நாள் குழந்தை தனியாக.

தடுக்கினால் மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். அப்புறம் முதல் ஒலி. அதற்கும் வரவில்லை என்றால் சொல்லையே கொடுத்துவிட்டு நகருங்கள். வரிக்கு வரி 'என்ன அர்த்தம்?' கேட்டால் அது பரீட்சை ஆகிவிடும்.

தி, வாஸ், செட் (எஸ்-ஏ-ஐ-டி), ஒன் போன்றவை கூட்டலுக்குள் அடங்காது. வாரம் மூன்று, மனப்பாடம்தான். 'பின்'னின் வாலில் இ சேர்ந்தால் 'பைன்' ஆகிற வித்தையை மூன்றெழுத்துச் சொற்கள் சரளமான பிறகு எடுங்கள்.

பிற்சேர்க்கை

பந்தைக் குறிக்கும் 'பால்' சொல்லின் பி, நாயைக் குறிக்கும் 'டாக்' சொல்லின் டி இரண்டையும் இடம் வலம் மாற்றிப்போடுவது ஏழு வயது வரை சாதாரணம். இரண்டையும் ஒரே வாரத்தில் கற்றுத் தராதீர்கள்.

எட்டு வயதாகியும் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் எழுத்துக் கூட்ட வரவில்லை என்றால், சோம்பேறி என்று திட்டாமல் முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். அவை சரியென்றால் டிஸ்லெக்ஸியா (வாசிப்பதிலும் எழுத்துக் கூட்டுவதிலும் வரும் கற்றல் சிரமம்) இருக்கிறதா என்று சிறப்புக் கல்வியாளரிடம் பார்க்க வேண்டும். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் இதற்கென்றே இயங்குகிறது. போகும்போது குழந்தையின் தமிழ், ஆங்கில நோட்டு இரண்டையும் எடுத்துப் போங்கள்.