குமரி மாவட்டத்துல என்ன செடி, எந்த மாசம் வைக்கணும்

ஆடிப்பட்டம் தேடி விதைன்னு கேட்டுட்டு நம்ம ஊர்லயும் ஆடில விதைய நேரா மண்ணுல போட்டுடுறாங்க, குலசேகரம், அருமனை பக்கம்லாம் அப்போ மழை விடாம கொட்டும், முளைச்சது பாதி அழுகிடும், மீதி தண்ணில போயிடும். நமக்கு மழை ரெண்டு தடவை, ஜூன்ல தென்மேற்கு, அக்டோபர்ல வடகிழக்கு. வயல்ல கன்னிப்பூ, கும்பப்பூன்னு ரெண்டு போகம் வச்சது இந்த ரெண்டு மழையையும் நம்பித்தான். வீட்டுத் தோட்டத்துக்கும் அதே கணக்குதான்.

முதல்ல உங்க வீடு எந்தப் பக்கம்னு பாருங்க. ஆரல்வாய்மொழி, தோவாளைன்னா கணவாய்க் காத்து ஆளையே தள்ளும், அங்க வாழை வைக்கணும்னா மதில் மறைவுல வச்சு முட்டு கொடுக்கணும், இல்லன்னா பிச்சி, அரளி, நெல்லி போதும். குளச்சல், முட்டம் மாதிரி கடலோரம்னா மணலும் உப்புக்காத்தும், தென்னை, கொல்லாமரம் (முந்திரி), காகிதப்பூ, நித்தியகல்யாணி தாங்கும், மத்ததுக்கு சாணியும் தென்னை நார்க்கழிவும் நிறைய போடணும். மேற்க மலையடிவாரம்னா நல்லமிளகு (குருமிளகு), ஜாதிக்காய், ரம்புட்டான், மங்குஸ்தான் எல்லாம் வரும். ரம்புட்டான் மட்டும் ஒட்டுக்கன்னா வாங்குங்க, கொட்டை போட்டு முளைச்சது ஆண் மரமாப் போனா காயே பிடிக்காது. மட்டி வாழை எங்க இடம் கிடைச்சாலும் ஒரு மூடு வைங்க, புவிசார் குறியீடே வாங்கின நம்ம பழம் நம்ம வீட்டுல இல்லாம இருக்கலாமா.

மாசில சேனை. இத விடவே கூடாது. விதைக்கிழங்க வெட்டும்போது ஒவ்வொரு துண்டுலயும் நடுமுளையில ஒரு பங்கு இருக்கணும், துண்டு முக்கால் கிலோ, ஒரு கிலோ இருந்தா நல்லது, சாணிக் கரைசல்ல முக்கி நிழல்ல உலர்த்தி, குழில மேல்மண்ணும் மக்குன சாணியும் போட்டு வச்சு, மேல சப்பு சவறு, அதாவது காஞ்ச இலை தழை கொண்டு மூடிடுங்க. கோடை மழைக்கு முளை வரும், கார்த்திகை மார்கழில தோண்டலாம்.

சித்திரை வைகாசில செடி வைக்கிற வேலைய விட தண்ணி போற வழி வெட்டுற வேலைதான் முக்கியம். தென்னைக்கு தடம் (சுத்தி வட்டப்பாத்தி) எடுக்கிறது, மரக்கொம்ப கழிக்கிறது எல்லாம் இப்பவே முடிக்கணும்.

நல்லமிளகுக்கு ஆனில திருவாதிரை ஞாற்றுவேலை, அதாவது சூரியன் திருவாதிரை நட்சத்திரத்துல நிக்கிற ரெண்டு வாரம். வேர் பிடிச்ச கொடிய பலா, முருங்கை, கமுகு எதுலயும் ஏத்தலாம், ஆனா மரத்துக்கு வடக்குப் பக்கமா ஒரு அடி தள்ளி வைங்க, தெக்கு வெயில் நேரா படாது. மூட்டுல, அதாவது கொடியோட அடியில தண்ணி கட்டி நின்னா வாடல் நோய் வந்து பெரிய கொடியே சில நாள்ல பட்டுப்போகும், பாக்க மனசு கேக்காது. அதனால மழை தொடங்குறதுக்கு முன்னாடியே போர்டோ கலவை (பூஞ்சாண மருந்து) அடிங்க. நூறு கிராம் மயில்துத்தத்த (காப்பர் சல்பேட்) அஞ்சு லிட்டர் தண்ணில, நூறு கிராம் சுட்ட சுண்ணாம்ப இன்னொரு அஞ்சு லிட்டர்ல, ரெண்டும் பிளாஸ்டிக் வாளிலதான் கரைக்கணும், அப்புறம் துத்தத் தண்ணிய சுண்ணாம்புத் தண்ணில ஊத்திக் கலக்கணும், மாத்தி ஊத்தாதீங்க. ஒரு இரும்புக் கத்திய கொஞ்ச நேரம் முக்கிப் பாருங்க, செம்பு நிறமா படிஞ்சா இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேக்கணும். கலக்குன அன்னைக்கே அடிச்சுத் தீத்துடுங்க.

கத்தரி, மிளகாய், தக்காளிக்கு ஆடில ட்ரேல, மழை படாத இடத்துல நாத்து விட்டு, ஆவணில வெயில் தலை காட்டுனதும் மேட்டுப்பாத்தில பிடுங்கி நடலாம். வடகிழக்கு மழைக்குள்ள வேர் நல்லா பிடிச்சுடும்.

தை பிறந்ததும் வெள்ளரி, தடியங்காய் (நீர்ப்பூசணி), பாவக்காய், பயறு எல்லாம் ஊனலாம், இது மழைக்குத் தப்பின நல்ல நேரம், தண்ணி மட்டும் இருந்தா போதும். பிச்சிய வெட்டி விடுறதும் தைலதான், முழங்கால் உயரத்துக்கு வெட்டி, காஞ்ச குச்சிய எடுத்துட்டு மூட்டுல சாணி போட்டு தண்ணி விடுங்க. நல்லமிளகு கொடிக்கும் தென்னைக்கும் மூட்டுல தேங்காத் தொண்டு அடுக்கணும், குழி பக்கம் கீழ பாத்து இருக்கட்டும், அப்போதான் மண்ணுல ஈரம் காயாம நிக்கும்.