மண்சரிவு மாதிரிக்கு எந்த உரிமம்? முதன்முறையாகத் தேர்வோருக்கு ஒரு செய்முறை விளக்கம்

மழை அளவையும் சரிவின் கோணத்தையும் கொடுத்தால் எந்தச் சரிவு எப்போது இறங்கும் என்று கணக்கிடும் சிறிய பைத்தான் நிரல் ஒன்றை, அதாவது ஒரு மண்சரிவு மாதிரியை, நீங்கள் எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். குன்னூர், கோத்தகிரி பக்கத்தில் ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடும் மாணவருக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் கிடைக்காது. 2009 நவம்பரில் நீலகிரியைப் புரட்டிப்போட்ட மழையை வைத்து ஓட்டியும் பார்த்தாயிற்று. இனி நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஏற்ற வேண்டியதுதான். அங்கே உரிமத்தை, அதாவது பிறர் உங்கள் நிரலை எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் வாசகத்தை, தேர்ந்தெடுக்கச் சொல்லி ஒரு கட்டம் இருக்கும். பலர் அதைக் காலியாக விட்டுவிட்டு மேலே போய்விடுகிறார்கள்.

காலியாக விட்டால் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று அர்த்தமில்லை. நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலையும் இலக்கியப் படைப்பின் கணக்கில் சேர்க்கிறது. எழுதிய உடனே பதிப்புரிமை வந்துவிடும். பதிவு செய்யத் தேவையில்லை. உரிமம் இல்லாத நிரலைப் பிறர் பார்க்கலாம், படிக்கலாம். திருத்தித் தம் மென்பொருளில் சேர்த்து வெளியிட அவர்களுக்கு அனுமதி கிடையாது.

திருத்தத்தையும் திறந்தே தரச் சொல்லும் ஜிபிஎல் உரிமம் நல்லதா, எப்படியும் பயன்படுத்த விடும் எம்ஐடி உரிமம் நல்லதா என்ற பட்டிமன்றத்தை ஒத்திவையுங்கள். நிரல் யாருடையது, அதற்குள் யார் யாருடைய சரக்கு இருக்கிறது என்பது தெரிந்தாலே பாதித் தேர்வு முடிந்துவிடும்.

படி 1: உரிமையாளர் யார் என்று பாருங்கள்

சம்பளத்துக்கு வேலை பார்க்கும் இடத்தில், அந்த வேலையின் பகுதியாக எழுதியிருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை முதல் உரிமையாளர் உங்களுக்குச் சம்பளம் தருபவர்தான். அரசுப் பணி என்றால் அரசு. மாணவர் என்றால் நிரல் பெரும்பாலும் உங்களுடையது. ஆனால் நிதி உதவியோடு நடக்கும் திட்டம் என்றால் அந்தக் கடிதத்தின் நிபந்தனைகளைப் படிக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் கைடிடம் (ஆய்வு வழிகாட்டியிடம்) மின்னஞ்சலில் கேளுங்கள். வாய்வார்த்தையாக வாங்கிய அனுமதி, அவர் ஓய்வு பெற்ற பிறகு உதவாது.

படி 2: உள்ளே இருப்பதை எல்லாம் எழுதுங்கள்

நேரம் எடுக்கும் படி இதுதான். ஒரு தாளில் மூன்று பத்திகள் போடுங்கள்: பெயர், எங்கிருந்து வந்தது, என்ன உரிமம். டெர்மினலில் பிப் ஷோ என்று தட்டி லைப்ரரியின் (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்பின்) பெயரைக் கொடுத்தால் பெரும்பாலும் உரிமமும் ஒரு வரியில் வந்துவிடும். நம்பை, சைபை, பாண்டாஸ் என்ற பைத்தான் லைப்ரரிகள் மூன்றும் எம்ஐடி போலவே தாராளமான பிஎஸ்டி உரிமத்தில் இருக்கின்றன. அவற்றால் உங்கள் கை எங்கும் கட்டப்படாது.

தொல்லை வேறு இடத்திலிருந்து வரும். ஆய்வுக்கூடத்தில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த ஒரு ஃபோர்ட்ரான் அல்லது சி துணைநிரல் எப்படியும் இருக்கும். திறந்து பார்த்தால் தலையில் பெயர் இருக்காது. மாறிகளின் பெயரை வைத்துத் தேடினால் நியூமெரிக்கல் ரெசிபீஸ் என்ற கணக்கீட்டு நிரல் புத்தகத்திலிருந்து தட்டச்சு செய்தது என்று தெரியவரும். புத்தகம் வாங்கியவர் அந்த நிரலைத் தன் கணினியில் பயன்படுத்தலாம். மூல நிரலாக ஊருக்கு விநியோகிக்க முடியாது. அதைக் கழற்றிவிட்டு வேறு ஒன்றைப் பொருத்த வேண்டும்.

இங்கேதான் வழி இரண்டாகப் பிரிகிறது. வேகத்துக்காக அந்தப் பகுதியை சி மொழியிலேயே வைத்துக்கொண்டு ஜிஎஸ்எல் என்ற கணித லைப்ரரியை இணைத்தால், அது ஜிபிஎல் உரிமத்தில் இருப்பதால் இரண்டையும் சேர்த்து வெளியிடும் மொத்த மென்பொருளும் ஜிபிஎல் விதிகளுக்குள் வந்துவிடும். அதே வேலையைச் சைபையின் செயற்கூறால் செய்தால் எந்த உரிமத்தையும் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் உங்களிடமே இருக்கும். சமன்பாடு ஒன்று, விடை ஒன்று, உரிமம் மட்டும் வேறு. இதைத் தெரிந்து தேர்வது நல்லது. பலர் தெரியாமலே தேர்ந்துவிடுகிறார்கள்.

இன்னொரு முடிச்சும் உண்டு. அப்பாச்சி 2.0 என்ற உரிமத்தில் உள்ள நிரலை ஜிபிஎல் மூன்றாம் பதிப்புத் திட்டத்தில் சேர்க்கலாம்; இரண்டாம் பதிப்பு மட்டும் என்று எழுதியிருக்கும் திட்டத்தில் சேர்க்க முடியாது. பதிப்பு எண்ணையும் தாளில் குறியுங்கள்.

படி 3: இப்போது உங்கள் விருப்பம்

எவரும் எப்படியும் பயன்படுத்தட்டும் என்றால் எம்ஐடி அல்லது பிஎஸ்டி. காப்புரிமை (பேட்டன்ட்) வழக்குகளைப் பற்றிய கவலை இருந்தால் அப்பாச்சி. என் நிரலைத் திருத்தி வெளியிடுபவர் திருத்தத்தையும் திறந்தே தர வேண்டும் என்றால் ஜிபிஎல்.

ஜிபிஎல் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அதன் கட்டுப்பாடு மென்பொருளை விநியோகிக்கும்போதுதான் வரும். ஒரு ஆலோசனை நிறுவனம் உங்கள் மாதிரியைத் தன் அலுவலகத்துக்குள்ளேயே மாற்றி ஓட்டி, அறிக்கையை மட்டும் வாடிக்கையாளரிடம் கொடுத்தால், மாற்றிய நிரலை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. மாற்றியதை இணையச் சேவையாக நடத்துவோரையும் கட்டுப்படுத்த வேண்டும் என்றால் ஏஜிபிஎல் இருக்கிறது.

மண்சரிவு மாதிரிக்கு என் தேர்வு மூன்று விதி கொண்ட பிஎஸ்டி. மூன்றாவது விதிதான் காரணம்: முன் அனுமதி இல்லாமல் உங்கள் பெயரையோ, உரிமையாளராக இருந்தால் கல்லூரியின் பெயரையோ காட்டி யாரும் தம் பொருளுக்கு ஆதரவு தேட முடியாது. சரிவை வெட்டி விடுதி கட்டுகிறவர் விளம்பரத்தில் உங்கள் பெயரைப் போடுவது நீலகிரியில் நடக்காத காரியம் அல்ல.

'வணிகப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று சொந்தமாக ஒரு வரி சேர்க்க ஆசை வரும். சேர்க்காதீர்கள். அப்படிச் சேர்த்தால் ஓபன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் என்ற அமைப்பின் வரையறைப்படி அது திறமூல மென்பொருளே ஆகாது. சரிவைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய எஸ்டேட் நிர்வாகமும் தயங்கி ஒதுங்கிவிடும்.

படி 4: கோப்பில் வையுங்கள்

லைசென்ஸ் என்ற சொல்லையே ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் பெயராக வைத்து, திட்டத்தின் மேல் அடுக்கில் ஒரு கோப்பு. அதில் உரிமத்தின் முழு வாசகம், ஆண்டு, உரிமையாளர் பெயர். வாசகத்தில் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டாம். ஒவ்வொரு நிரல் கோப்பின் தலையிலும் உரிமத்தின் பெயரைச் சொல்லும் எஸ்பிடிஎக்ஸ் அடையாள வரி ஒன்று போதும்.

வாசகத்தின் கடைசியில் 'எந்த உத்தரவாதமும் இல்லை' என்ற பத்தி இருக்கும். அதோடு நிற்காமல், எந்த மண் ஆழத்துக்கும் எந்தச் சரிவுகளுக்கும் எண்களைச் சரிபார்த்தீர்கள் என்று திட்டத்தை அறிமுகப்படுத்தும் ரீட்மீ கோப்பில் எழுதுங்கள். குன்னூருக்குப் பொருந்திய எண்ணைப் பழனி மலையில் அப்படியே போடுபவரை உரிமம் தடுக்காது. இந்தக் குறிப்பு ஒருவேளை தடுக்கும்.

படி 5: தரவும் மேற்கோளும்

எஸ்டேட் மேலாளர் நம்பிக் கொடுத்த மழைப் பதிவேடு உங்கள் நிரலின் உரிமத்துக்குள் வராது. அவர் சம்மதித்தால், எழுத்து, படம், தரவு போன்றவற்றுக்கான கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தோடு தனியாக வெளியிடுங்கள். இல்லையென்றால் கற்பனை எண்களால் ஒரு மாதிரித் தரவு செய்து சேர்த்தால் போதும். நிரலுக்குக் கிரியேட்டிவ் காமன்ஸ் வேண்டாம். அந்த அமைப்பே அதைப் பரிந்துரைப்பதில்லை.

ஆய்வுக் கட்டுரைகளில் உங்கள் பெயர் வர வேண்டும் என்பதற்காக உரிமத்தை வளைக்க வேண்டியதில்லை. சைட்டேஷன் கோப்பு ஒன்று சேர்த்தால் மேற்கோள் காட்டும் விதத்தைக் கிட்ஹப்பே காட்டும். ஜெனோடோ என்ற ஆய்வுச் சேமிப்புத் தளத்தில் ஒரு பதிப்பை வைத்தால் டிஓஐ என்ற நிரந்தர அடையாள எண்ணும் கிடைக்கும்.

கொடைக்கானலிலிருந்து யாரேனும் முதல் திருத்தத்தை அனுப்புவதற்குள் இவ்வளவையும் முடித்துவிடுங்கள். பிறகு உரிமத்தை மாற்ற நினைத்தால், எழுதிக்கொடுத்த அத்தனை பேரையும் தேடிப் பிடித்துச் சம்மதம் வாங்க வேண்டியிருக்கும்.