விறைப்பு விடாமல் பம்பைத் தொடாதீர்கள்

இறந்த உடல் கெடாமலிருக்க, தமனி (ரத்தக்குழாய்) வழியாக ஃபார்மலின் மருந்தைப் பம்பால் ஏற்றும் எம்பாமிங் வேலை என்னுடையது. போன வாரம் புதிதாகச் சேர்ந்த பையன், உடலை மேசையில் கிடத்திய கையோடு தொடைத் தமனியைத் தேடிக் கத்தியை எடுத்தான். இறந்தபின் வரும் விறைப்பில் உடலின் முழங்கை மடங்கி, விரல்கள் மூடியிருந்தன. "மருந்து ஏறினா தளர்ந்துடும்ல சார்?" என்றான். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். கையுறை, முகக்கவசம் பற்றியெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை.

விறைப்போடு மருந்து ஏற்றுவது

இறந்தபின் தசையில் சக்தி தரும் ஏடிபி என்ற பொருள் தீர்ந்ததும் நார்கள் ஒன்றையொன்று பிடித்தபடி நின்றுவிடும். இமையிலும் தாடையிலும் தொடங்கி, சுமார் 12 மணி நேரத்தில் உடல் முழுக்கப் பரவும். நம் ஊர் வெயிலில் பெரும்பாலும் ஒன்றரை நாளுக்குள் தானாகவே விட்டுவிடும். ஃபார்மலின் தரும் இறுக்கம் அப்படியல்ல. அது புரதங்களைப் பிணைத்துவிடும். வெந்த முட்டை திரும்பப் பச்சை முட்டை ஆகுமா?

சாய்வு நாற்காலியிலேயே உயிர் போன ஒரு பெரியவர். விமானத்தில் போக வேண்டிய உடல், எம்பாமிங் சான்றிதழுக்கு அவசரப்படுத்தினார்கள். முழங்கால் மடங்கியபடியே மருந்தை ஏற்றிவிட்டேன். மறுநாள் பெட்டியின் மூடி முட்டியில் இடித்து நின்றது. இரண்டு பேர் அழுத்தியும் கால் அசையவில்லை. மகன் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உயரமான பெட்டி வருவதற்குள் விமானம் போய்விட்டது. இன்றைக்கு நினைத்தாலும் என்மேலேயே எரிச்சல் வருகிறது.

முதலில் கழுத்து, தாடை, தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல், அப்புறம் இடுப்பு, முழங்கால், கணுக்கால் என ஒவ்வொரு மூட்டையும் மெதுவாக மடக்கி நீட்டுங்கள். தசையைப் பிசைந்துகொடுங்கள். முழுதாக விறைத்த தசையைத் தளர்த்தினால் திரும்ப விறைக்காது. பாதி விறைப்பில் தளர்த்தினால் கொஞ்சம் திரும்பும், இன்னொரு முறை பாருங்கள். தலை, கை, கால் எல்லாம் இருக்க வேண்டியபடி வைத்த பிறகே தமனி.

மடங்கியதெல்லாம் விறைப்பு என்று நினைப்பது

பக்கவாதத்தில் வருடக்கணக்கில் மடங்கிக் கிடந்த கையை இழுத்தால் எலும்பு முறியலாம். வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஃப்ரீசர் பெட்டியிலிருந்து எடுத்த உடல்

குளிரில் கொழுப்பும் உறைந்திருக்கும். வெளியே கொஞ்ச நேரம் விட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

தாடைக்கட்டு, கால்கட்டு

அவிழ்த்துவிடுங்கள். இறுக்கிய இடத்தில் மருந்து ஏறாது, துணியின் தடமும் பதியும்.

தசைநாரை வெட்டி நீட்டுவது

கூடாது.