மருத்துவக் கல்லூரியில் ஸ்கேன்: சிகிச்சைக்கு ஒரு கையெழுத்து, ஆய்வுக்கு இன்னொன்று

மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கதிரியல் துறைக்கு ஸ்கேன் எடுக்கப் போகிறவரிடம் சில வேளைகளில் இரண்டு தாள்கள் நீட்டப்படும். ஒன்று, அவருக்குச் செய்யப்போகும் பரிசோதனைக்கான ஒப்புதல். மற்றொன்று, அவருடைய படங்களையோ நேரத்தையோ ஓர் ஆய்வுக்குத் தருவதற்கான ஒப்புதல். இரண்டும் ஒரே மேசையில் ஒரே பேனாவோடு வருவதால், ஒன்றுக்கு மறுப்புச் சொன்னால் மற்றதும் நடக்காதோ என்று அஞ்சியே பலர் இரண்டிலும் கையெழுத்திட்டுவிடுகிறார்கள். அந்த அச்சத்துக்கு இடமில்லை என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை எளிதாகும்.

இந்தத் துறைகளில் ஆய்வு நடப்பது இயல்பானதே. எம்.டி. கதிரியல் படிக்கும் மருத்துவர் மூன்றாண்டுப் படிப்புக்குள் ஓர் ஆய்வேட்டை எழுதி முடித்தாக வேண்டும். அதற்கு நோயாளிகளின் படங்கள் வேண்டும். எக்ஸ்-ரே 1895-இல் கண்டறியப்பட்டதே வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில்தான், எம்.ஆர்.ஐ.க்காக 2003-இல் நோபல் பரிசு பெற்ற பால் லாட்டர்பரும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டும் பல்கலைக்கழகப் பேராசிரியர்களே. ஆகவே ஆய்வு என்றதும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. ஆனால் எதற்கு இசைகிறோம் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஸ்கேன் நாளுக்கு முன்பாகப் பழைய பிலிம்களையும் ரிப்போர்ட்டுகளையும் தேடி எடுத்து, தேதி வாரியாக ஒரே பையில் வையுங்கள். நுரையீரலில் தெரியும் ஒரு சிறு புள்ளி இரண்டாண்டுகளுக்கு முன்பும் அதே அளவில் இருந்ததா என்ற ஒரு தகவல், சில வேளைகளில் இன்னொரு பரிசோதனையே தேவையில்லை என்று சொல்லவைத்துவிடும். மருந்து செலுத்தி எடுக்கும் ஸ்கேன் என்றால் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை முடிவையும் கையில் வைத்திருங்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்த பிறகுதான், படம் தெளிவாகத் தெரிவதற்கான அந்தக் கான்ட்ராஸ்ட் மருந்தைக் கொடுப்பார்கள். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். சிறுநீரகச் செயல்பாடு மிகவும் குறைந்திருந்தால் சி.டி. ஸ்கேனை ஒட்டி அந்த மாத்திரையை நிறுத்தி வைக்கச் சொல்வார்கள். தாமாக நிறுத்திக்கொள்வதும் தவறு, சொல்லாமல் விடுவதும் தவறு.

கான்ட்ராஸ்ட் மருந்து என்பது ஒரே மருந்து அன்று. சி.டி.க்குக் கொடுப்பது அயோடின் கலந்தது, எம்.ஆர்.ஐ.க்குக் கொடுப்பது காடோலினியம் கலந்தது. முன்பு எப்போதாவது ஸ்கேன் மருந்தால் உடம்பில் தடிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தால், எந்த ஸ்கேனின்போது என்று சேர்த்துச் சொல்லுங்கள். மீன், இறால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அயோடின் மருந்தும் ஆகாது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதற்கு மருத்துவ ஆதாரம் கிடையாது. அயோடின் மருந்து ஏறும்போது உடல் முழுவதும் சூடு பரவுவதும், வாயில் உலோகச் சுவை தட்டுவதும், தம்மை அறியாமல் சிறுநீர் பிரிந்துவிட்டதோ என்று தோன்றுவதும் இயல்பு. ஒரு நிமிடத்தில் அடங்கிவிடும். கர்ப்பமாக இருப்பவர்களும், இருக்கலாம் என்று ஐயப்படுபவர்களும், கேட்கும்வரை காத்திராமல் சொல்லிவிட வேண்டும்.

எம்.ஆர்.ஐ. அறைக்குள் நுழைவதற்கு முன் செய்ய வேண்டியதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. எம்.ஆர்.ஐ. எந்திரத்தில் உள்ள 1.5 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப்புல வலிமையின் அலகு) காந்தம் பூமியின் காந்தப்புலத்தைப்போல ஏறத்தாழ 30,000 மடங்கு வலியது. ஸ்கேன் ஓடாதபோதும் அந்தக் காந்தம் அணைக்கப்படுவதில்லை. 2018 ஜனவரியில் மும்பை மருத்துவமனை ஒன்றில் ஆக்சிஜன் சிலிண்டரோடு அந்த அறைக்குள் சென்ற நோயாளியின் உறவினர் ஒருவர் இறந்துபோனார். ஆகவே நோயாளியோடு உள்ளே செல்பவருக்கும் இந்த விதிகள் அனைத்தும் பொருந்தும்.

என் அம்மாவை ஒருமுறை அழைத்துச் சென்றபோது, தாலியைக் கழற்றுவதா என்று அவர் தயங்கி நின்றார். டெக்னீசியனாக இருந்த பெண் கடிந்துகொள்ளவில்லை. "தங்கத்தைக் காந்தம் இழுக்காதும்மா, அதில் மாட்டியிருக்கிற ஊக்கைத்தான் இழுக்கும்" என்றார். எண்ணிப் பார்த்தால் தாலிக்கொடியில் மூன்று ஊக்குகள், புடவைத் தோள் மடிப்பில் ஒன்று, கொண்டையில் எண்ணற்ற ஊசிகள். தங்கமும் படத்தைக் கெடுக்கும் என்பதால், கொடியைக் கழற்றி அந்த நேரத்துக்கு மஞ்சள் கயிறு ஒன்றைக் கட்டிக்கொள்வது என்று இருவரும் பேசி முடித்தார்கள். இடுப்பில் உள்ள தாயத்து, மெட்டி, காது கேட்கும் கருவி, கழற்றக்கூடிய பல்செட், சட்டைப் பையிலுள்ள ஏ.டி.எம். அட்டை ஆகியவற்றையும் வெளியே வைத்துவிடுங்கள். பேஸ்மேக்கர், மூளை ரத்தக்குழாயில் போட்ட கிளிப், காதுக்குள் பொருத்திய காக்ளியர் கருவி, கண்ணில் எப்போதோ தெறித்த இரும்புத் துகள் ஆகியவற்றைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். வெல்டிங், லேத் பட்டறைகளில் வேலை செய்தவர்கள் கடைசியாகச் சொன்னதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

உள்ளே போனபின் அசையாமல் படுத்திருப்பது ஒன்றே வேலை. காந்தப்புலத்தை நொடிக்கு நொடி மாற்றும் சுருள்கள் அதிர்வதால் சத்தம் பலமாக இருக்கும். காதுக்கு அடைப்பான் தருவார்கள், தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். கையில் தரும் ரப்பர் பந்தை அழுத்தினால் எந்த நேரத்திலும் நிறுத்துவார்கள்.

இனி அந்த இரண்டாவது தாள். ஆய்வுகள் எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல என்பதால், முதல் கேள்வி இதுவாகவே இருக்கட்டும்: "என் சிகிச்சைக்குத் தேவையானதைவிடக் கூடுதலாக எனக்கு என்ன செய்யப்போகிறீர்கள்?" ஏற்கெனவே எடுத்த படத்தைப் பெயர் நீக்கிப் பயன்படுத்துவதாக இருந்தால் உடலுக்கு எந்தச் சுமையும் இல்லை. எம்.ஆர்.ஐ.யில் பத்து நிமிடம் கூடுதலாகப் படுத்திருப்பதாக இருந்தால் பொறுமைதான் செலவு. கூடுதலாக ஒரு சி.டி. எடுப்பதாக இருந்தால் கணக்கே வேறு. இயற்கையிலிருந்து மனிதர் ஒருவர் ஆண்டொன்றுக்குப் பெறும் கதிர்வீச்சு, உலகச் சராசரியில் 2.4 மில்லிசீவர்ட் (உடல் பெறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு), வயிற்றுக்கு எடுக்கும் ஒரு சி.டி.யில் ஏறத்தாழ 8 மில்லிசீவர்ட் கிடைக்கும். நோயைக் கண்டறிய அது தேவையென்றால் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். ஆய்வுக்காக மட்டும் என்றால் அதற்கான காரணத்தை நன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே இசைய வேண்டும் என்பது என் கருத்து. ஆய்வுக்காகவே கூடுதலாக மருந்து செலுத்துவதற்கும் இதுவே பொருந்தும்.

அடுத்து, மருத்துவமனையில் நடக்கும் ஆய்வுகளைப் பரிசீலிக்கும் நிறுவன நெறிமுறைக் குழு இந்த ஆய்வுக்கு அனுமதி அளித்திருக்கிறதா என்று கேளுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, ஆய்வைப் பற்றிய விளக்கத்தாள் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். ஆய்வுக்கான கூடுதல் செலவை உங்களிடம் வாங்கக் கூடாது. ஆய்வால் தீங்கு நேர்ந்தால் இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைப்பதாக இருந்தால், ஆய்வில் சம்பந்தமில்லாத ஒருவர் சாட்சியாக இருந்து, தாளில் உள்ளதெல்லாம் அவருக்குப் படித்துச் சொல்லப்பட்டதா என்று பார்த்துக் கையெழுத்திட வேண்டும். உடன் வந்த பேரனே படித்துச் சொல்லி, அவனே சாட்சியும் போடுவது முறையாகாது. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பேசிவிட்டு வருகிறேன் என்று அவகாசம் கேட்பதில் தவறில்லை.

"பெயரை நீக்கிவிடுவோம்" என்ற உறுதியையும் கொஞ்சம் தோண்டிப் பார்க்கலாம். டைகாம் என்ற மருத்துவப் படங்களுக்கான கணினி வடிவில் சேமிக்கப்படும் படக்கோப்புக்குள்ளேயே பெயர், பிறந்த தேதி, மருத்துவமனை எண் ஆகியவை எழுதப்பட்டிருக்கும். பிலிமின் மூலையில் உள்ள பெயரை மறைத்தால் மட்டும் போதாது. தலைக்கு எடுத்த எம்.ஆர்.ஐ. என்றால், அந்தப் படங்களை அடுக்கி முகத்தையே முப்பரிமாணத்தில் உருவாக்கிவிட முடியும் என்பதால், வெளியே பகிரும் முன் முகப்பகுதியை அழித்துவிடும் வழக்கம் ஆய்வாளர்களிடையே உண்டு. படங்கள் செயற்கை நுண்ணறிவு மென்பொருளைப் பயிற்றுவிக்கத் தனியார் நிறுவனத்துக்குப் போகுமா என்பதையும் இப்போது கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆய்வின்போது எதிர்பாராமல் வேறொரு நோய் தென்பட்டால் தெரிவிப்பார்களா என்று கேட்கவும் மறக்காதீர்கள்.

ரிப்போர்ட் வரச் சில நாள் ஆகலாம். பயிற்சி மருத்துவர் எழுதியதை மூத்தவர் மீண்டும் பார்த்துத் திருத்திக் கையொப்பமிடும் முறை இருப்பதால் வரும் தாமதம் அது; இரு ஜோடிக் கண்கள் பார்க்கின்றன என்பதால் அதை நான் குறையாகக் கருதுவதில்லை. பிலிமில் அச்சாவது தேர்ந்தெடுத்த சில படங்கள் மட்டுமே என்பதால், முழுப் படங்களையும் குறுந்தகட்டிலோ பென்டிரைவிலோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கையெழுத்திட்ட ஆய்வு ஒப்புதலின் நகல் ஒன்றையும் அதே பையில் வைத்திருங்கள். அதில் ஆய்வாளரின் தொலைபேசி எண்ணும் நெறிமுறைக் குழுவைத் தொடர்புகொள்ளும் வழியும் இருக்கும். மனம் மாறினால், காரணம் எதுவும் சொல்லாமலேயே விலகுவதாக ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். அதனால் சிகிச்சை நிறுத்தப்படக் கூடாது. ஆனால் அதற்குள் வெளியாகிவிட்ட ஆய்வு முடிவிலிருந்து உங்கள் படத்தைத் திரும்ப எடுக்க இயலாது என்பதால், விலகுவதாக இருந்தால் தள்ளிப்போடாமல் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.