டார்க் வெப்: பயமில்லாமல் தெரிந்துகொள்ள, படிப்படியாக

போன ஆடியில் ஒரு காலை. ஷட்டரை முழுதாகத் தூக்கக்கூட இல்லை, கடை வாசலில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். கும்பகோணத்தில் நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். கரண்ட் பில், பென்ஷனுக்கு ஆயுள் சான்று என்று எப்போதும் வருகிறவர்தான். அன்று போனை நீட்டிய கை நடுங்கியது. "தம்பி, இதை நீ மட்டும் படி" என்றார்.

ஒரு மின்னஞ்சல். "உன் கம்ப்யூட்டருக்குள் புகுந்துவிட்டேன். கேமரா வழியாக உன்னைப் படம் எடுத்திருக்கிறேன். 48 மணி நேரத்தில் பிட்காயினாகப் பணம் வராவிட்டால் எல்லாம் டார்க் வெப்புக்குப் போகும்." முதல் வரியிலேயே அவருடைய பாஸ்வேர்ட் இருந்தது: சொந்த ஊர்ப் பெயரும் அதோடு 123-உம். "இது என் பாஸ்வேர்ட்தான் தம்பி. இது நிஜம்னா மத்ததும் நிஜம்தானே?" என்று கேட்டார். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. அவர் வீட்டில் கம்ப்யூட்டரே கிடையாது. அதுகூட அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றவில்லை.

அந்தப் பாஸ்வேர்ட் எப்படி வெளியே போனது, டார்க் வெப் என்பது என்ன, அதற்குள் போனால் போலீஸ் பிடிக்குமா? அவருக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொன்னதைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். கம்ப்யூட்டர் படிப்பு எதுவும் தேவையில்லை.

படி 1: மூன்று வாசல்கள்

நம் பக்கத்துப் பழைய வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். தெருவில் போகிற யாரும் உட்காரலாம் என்று ஒரு திண்ணை. பூட்டிய உள்ளறை, சாவி வீட்டுக்காரரிடம். கடைசியில் கொல்லைக்கதவு. அது வேறொரு சந்தில் திறக்கும். அதற்குக் கதவிலக்கம் கிடையாது, வழி தெரிந்தவர்தான் வரமுடியும்.

கூகுளில் தேடினால் கிடைப்பதெல்லாம் திண்ணை. உங்கள் மின்னஞ்சல் பெட்டி, வங்கிக் கணக்கு, டிஜிலாக்கர் எல்லாம் உள்ளறை. இதற்குப் பெயர் டீப் வெப். தினமும் நீங்கள் போய்வருகிற இடம்தான், இதில் மர்மம் ஒன்றும் இல்லை. டீப் வெப்பையும் டார்க் வெப்பையும் ஒன்றாகக் குழப்பி, "இணையத்தில் பெரும்பகுதி டார்க் வெப்" என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். அது தவறு. டார்க் வெப் என்பது அந்தக் கொல்லைக்கதவு மட்டும். மொத்த இணையத்தில் மிகச் சிறிய பகுதி. சாதாரண பிரவுசரில் அது திறக்காது, அதற்கென்று தனி மென்பொருள் வேண்டும். அதிகம் பேர் பயன்படுத்துவது டார்.

படி 2: டார் எப்படி வேலை செய்கிறது

இதை மட்டும் பொறுமையாகப் படியுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்து தானாகப் புரியும்.

கும்பகோணத்திலிருந்து வேதாரண்யத்துக்கு ஒரு கடிதம் போகவேண்டும். அனுப்பியது நான் என்று வழியில் யாருக்கும் முழுதாகத் தெரியக் கூடாது. கடிதத்தை வேதாரண்யம் முகவரி எழுதிய ஒரு கவரில் போடுகிறேன். அதை ஒரு திருத்துறைப்பூண்டி முகவரிக் கவருக்குள், அதை மன்னார்குடிக் கவருக்குள், அதையும் நீடாமங்கலம் கவருக்குள் வைத்து ஒட்டுகிறேன். நீடாமங்கலத்துக்காரர் மேல் கவரைப் பிரித்து உள்ளே இருப்பதை மன்னார்குடிக்கு அனுப்புகிறார். என்னிடமிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும், எங்கே போய்ச் சேரும் என்று தெரியாது. மன்னார்குடிக்காரருக்கு முதலும் தெரியாது, முடிவும் தெரியாது. திருத்துறைப்பூண்டிக்காரருக்கு வேதாரண்யம் தெரியும், என்னைத் தெரியாது.

டாரும் இப்படித்தான். உங்கள் கோரிக்கை மூன்று சர்வர்கள் (கைமாற்றிக் கொடுக்கும் கம்ப்யூட்டர்கள்) வழியாக, மூன்று அடுக்குப் பூட்டோடு போகிறது. வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக இருப்பதால்தான் இந்த முறைக்கு ஆனியன் (வெங்காயம்) என்ற பெயர். இதை 1990களின் நடுவில் தொடங்கியது அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடம். 2002-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. 2006 முதல் டார் பிராஜெக்ட் என்ற லாப நோக்கமில்லாத அமைப்பு அதை நடத்துகிறது.

ஒரு எச்சரிக்கை. உள்ளே இருப்பது ஒட்டிய கடிதமாக இல்லாமல் வெறும் போஸ்ட்கார்டாக இருந்தால், கடைசி ஆள் அதைப் படித்துவிடலாம். அதனால் டாரிலும் எச்.டி.டி.பி.எஸ் (முகவரி https என்று தொடங்கும், கடிதத்தை ஒட்டி அனுப்புகிற முறை) உள்ள தளங்களை மட்டும் பயன்படுத்துங்கள். டாட் ஆனியன் என்று முகவரி முடியும் தளங்களுக்கு, அதாவது டார்க் வெப் தளங்களுக்கு, இந்தக் கவலை இல்லை. அங்கே தளத்தின் பக்கமும் மூன்று சர்வர்கள் இருக்கும், போக்குவரத்து வெளியே வருவதே இல்லை. அந்த முகவரிகள் 56 எழுத்து நீளம், மனப்பாடமாகாது.

படி 3: யார், எதற்குப் பயன்படுத்துகிறார்கள்

கொல்லை வழியாக வருகிறவரெல்லாம் திருடர் இல்லை. பேஸ்புக் 2014-இலும், நியூயார்க் டைம்ஸ் 2017-இலும், பிபிசி 2019-இலும் டாட் ஆனியன் தளம் திறந்தன, செய்தியும் தொடர்பும் தடுக்கப்பட்ட நாடுகளில் இருப்பவர்களுக்காக. பத்திரிகைகளுக்கு ரகசிய ஆவணம் கொடுப்பவர்கள் பயன்படுத்தும் செக்யூர்டிராப்பும் டாரில்தான் ஓடுகிறது. வீட்டில் அடிபடுகிற ஒரு பெண், கணவர் கண்ணில் தடயம் படாமல் உதவி தேடவும் இது பயன்படும். எனக்கு இந்தக் காரணங்கள் முக்கியமானவை. டாரைக் கெட்ட வார்த்தையாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

கெட்டதும் இருக்கிறது, மறைக்கவில்லை. போதைப்பொருள், திருட்டு கார்டு விவரம், போலி ஆவணம் விற்கும் சந்தைகள் உண்டு. சில்க் ரோடு என்ற சந்தை 2011-இல் தொடங்கியது. 2013-இல் அதை நடத்தியவரை சான்பிரான்சிஸ்கோவில் ஒரு பொது நூலகத்தில் வைத்துப் பிடித்தார்கள். என்னிடம் வரும் கல்லூரிப் பையன்களிடம் நான் சொல்வது 2017-இல் நடந்த ஹன்சா கதை. அந்தச் சந்தையை டச்சு போலீஸ் கைப்பற்றியது, ஆனால் மூடவில்லை. ஏறக்குறைய ஒரு மாதம் தாங்களே ரகசியமாக நடத்தி, வாங்கியவர்களின் முகவரிகளைச் சேகரித்தார்கள். பெயரை எத்தனை கவருக்குள் மறைத்தாலும் பார்சல் வந்து சேர ஒரு வாசல் வேண்டுமே. அந்த வாசலைக் கையால் எழுதிக் கொடுத்தது வாங்கியவர்தான்.

படி 4: பார்க்க விரும்பினால், பாதுகாப்பாக

செய்தே ஆகவேண்டும் என்றில்லை. ஆசை இருந்தால் இப்படிச் செய்யுங்கள்.

டார் பிரவுசரை டார்பிராஜெக்ட் டாட் ஆர்க் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். டெலிகிராமில் வரும் கோப்பு வேண்டாம், தெரிந்தவர் பென்டிரைவில் கொடுப்பதும் வேண்டாம். விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு நான்கிலும் இலவசம். திறந்ததும் 'கனெக்ட்' பட்டன் வரும், அழுத்துங்கள். கொஞ்ச நேரம் பிடிக்கும். மூன்று ஊர் சுற்றிப் போகிறதல்லவா, வேகமாக இருக்காது.

இனி ஏதாவது ஒரு செய்தித் தளத்துக்குப் போய், முகவரிப் பட்டையின் இடது ஓரத்தில் உள்ள சின்னப் படத்தைத் தொடுங்கள். உங்கள் கோரிக்கை எந்தெந்த நாடு வழியாகப் போகிறது என்று வரிசையாகக் காட்டும். கடையில் முதல்முறை இதைப் பார்ப்பவர்கள், ஜெர்மனி, பின்லாந்து என்று வாய்விட்டுப் படிப்பார்கள். நீடாமங்கலம், மன்னார்குடி சமாச்சாரம் அந்த நொடியில் புரிந்துவிடும். அந்தத் தளத்துக்கு ஆனியன் முகவரி இருந்தால் பட்டையிலேயே அதுவும் தெரியலாம், 56 எழுத்தைத் தட்டச்சு செய்யத் தேவையில்லை.

செட்டிங்ஸில் பாதுகாப்பு நிலையை 'சேஃபஸ்ட்' என்று வையுங்கள். சில பக்கங்கள் அரைகுறையாகத் திறக்கும், பரவாயில்லை. உங்கள் சொந்த மின்னஞ்சலிலோ வங்கியிலோ உள்ளே நுழையாதீர்கள். பெயரை மறைத்துவிட்டுப் பிறகு நீங்களே பெயர் சொன்ன மாதிரி ஆகிவிடும். எதையும் இறக்காதீர்கள், டோரன்ட் (பெரிய கோப்புகளைப் பலரோடு பகிர்ந்து இறக்கும் முறை) ஓட்டாதீர்கள். இணைப்பு தரும் நிறுவனத்துக்கு நீங்கள் டார் பயன்படுத்துவது தெரியும், உள்ளே என்ன பார்த்தீர்கள் என்பது தெரியாது. கம்பெனி கம்ப்யூட்டரிலோ கல்லூரி லேபிலோ அனுமதியில்லாமல் போடவும் வேண்டாம்.

"டார்க் வெப் லிங்க் லிஸ்ட்" என்று சுற்றும் பட்டியல்களைத் தொடாதீர்கள். பெரும்பாலும் பணம் பறிக்கும் பக்கங்கள்தான். மீதியில் என்ன இருக்கும் என்பது அடுத்த படியில்.

படி 5: சட்டம் என்ன சொல்கிறது

டார் வைத்திருப்பதோ திறப்பதோ குற்றம் என்று சொல்லும் சட்டம் இந்தியாவில் இல்லை. அதில் என்ன செய்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. போதைப்பொருள் வாங்கினால் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டம், தெருவில் வாங்கினாலும் டாரில் வாங்கினாலும் ஒன்றே. அடுத்தவர் பாஸ்வேர்டையோ மின்னணுக் கையெழுத்தையோ மோசடியாகப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி, மூன்று ஆண்டு வரை சிறை.

அதே சட்டத்தின் 67பி பிரிவைத் தனியாகச் சொல்லவேண்டும். குழந்தைகளின் ஆபாசப் படங்களைப் பரப்புவது மட்டுமல்ல, தேடுவதும் பார்ப்பதும் இறக்குவதும் குற்றம். முதல் முறைக்கே ஐந்து ஆண்டு வரை சிறை, பத்து லட்சம் வரை அபராதம். 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொன்னது. "சும்மா பார்த்தேன்" என்பது இங்கே பதிலாகாது. அந்தப் படத்தின் மறுபக்கம் ஒரு குழந்தை இருக்கிறது.

படி 6: நீங்கள் போகாவிட்டாலும் உங்கள் விவரம் போயிருக்கலாம்

வாத்தியார் விஷயத்துக்கு வருவோம். அவர் டார்க் வெப் பக்கமே போனதில்லை. பல வருஷம் முன்பு ஏதோ ஒரு வலைத்தளத்தில் கணக்குத் தொடங்கியிருக்கிறார். அந்தத் தளத்திலிருந்து விவரங்கள் திருடுபோயிருக்கின்றன. இப்படிப்பட்ட பட்டியல்கள்தான் டார்க் வெப்பில் கட்டுக்கட்டாக விலை போகின்றன. வாங்குகிறவன் எல்லோருக்கும் ஒரே மிரட்டல் கடிதத்தை, பாஸ்வேர்டை மட்டும் மாற்றி அனுப்புகிறான். அவனிடம் படம் கிடையாது, கேமரா கிடையாது. பழைய பாஸ்வேர்ட் ஒன்றுதான் இருக்கிறது.

அன்று நாங்கள் செய்தது இதுதான். ஹேவ் ஐ பீன் போன்ட் (haveibeenpwned.com) என்ற தளத்தில் அவர் மின்னஞ்சலைக் கொடுத்தோம். 2013 முதல் இயங்கும் நம்பகமான தளம், பாஸ்வேர்ட் கேட்காது. எந்தெந்தக் கசிவில் அந்த முகவரி இருந்தது என்று காட்டியது. அந்தப் பாஸ்வேர்டை வைத்திருந்த எல்லா இடத்திலும் மாற்றி, இரண்டு அடுக்குச் சரிபார்ப்பைப் (பாஸ்வேர்டோடு ஓ.டி.பி. மாதிரி இன்னொன்றும் கேட்கும்) போட்டோம். எம்-ஆதார் செயலியில் கைரேகையைப் பூட்டினோம். ஜெராக்ஸ் கொடுக்கும் இடங்களில் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் ஆதாரைக் கொடுக்கச் சொன்னேன். பயிர்க்கடன், காப்பீடு, சிம் என்று நம் பக்கத்தில் எத்தனை ஜெராக்ஸ் கைமாறுகிறது! தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் அவர் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்றும் பார்த்தோம். அவருடையது இரண்டுதான், நல்லவேளை.

பணம் போயிருந்தால் யோசிக்காமல் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழைக்கவேண்டும். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் புகார் தரலாம். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம். மிரட்டல் கடிதத்துக்கு மட்டும் பதில் போடாதீர்கள், பணமும் அனுப்பாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

புது பாஸ்வேர்டாக ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்துக்கொண்டார். வீட்டுக்குப் போய்ப் பஞ்சாங்கத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டதாகச் சாயங்காலம் போனில் சொன்னார். காகிதத்தில் எழுதலாமா என்று கேட்டார். தாராளமாக எழுதலாம் என்றேன். அந்த பீரோவுக்குள் இணையம் வழியாக யாரும் வரமுடியாது.