நாடகத்தில் பாட வருகிறவர்களுக்கு, ஆர்மோனியப் பெட்டிக்கு அருகிலிருந்து

சேலம் அம்மாப்பேட்டையில் என் வீட்டு முன்னறையில் ஞாயிறு காலை ஆர்மோனியத்தைத் திறந்தால், வேடம் கேட்டு யாராவது வந்து நிற்பார்கள். பகலில் தறி, இரவில் பெட்டி என்று முப்பது ஆண்டுகளாக இசை நாடகங்களுக்கு வாசித்து வருகிறேன். புதியவர்களைப் பாடச்சொல்லிக் கேட்டுப் பார்க்கும் பொறுப்பை நாடகம் அமைப்பவர்கள் என்னிடம் விட்டிருக்கிறார்கள். வருகிறவர்களில் பலருக்கு நல்ல குரல் இருக்கிறது. காதைப் பழக்கிக்கொண்டு வருகிறவர்கள்தாம் குறைவு.

இந்த இசை நாடகங்களை ஸ்பெஷல் நாடகம் என்போம். அதில் ஒத்திகை கிடையாது. வள்ளியாக நடிப்பவர் ஓர் ஊரிலிருந்து வருவார், வேலனாக நடிப்பவர் இன்னோர் ஊரிலிருந்து வருவார். இரவு ஒன்பது மணிக்கு வேடம் போடும் கொட்டகையில்தான் சந்தித்துக்கொள்வார்கள். பத்து மணிக்குத் திரை விலகினால் பொழுது விடியும் வரை ஆட்டம். இது எப்படி நடக்கிறது என்றால், எல்லோரும் ஒரே பாடத்தைப் படித்திருக்கிறோம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதி வைத்த 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'சத்தியவான் சாவித்திரி' ஆகியவைதாம் இன்றும் எங்களுக்குச் சோறு போடுகின்றன. ஆகவே முதல் வேலை, ஒரு நாடகத்தை முழுதாகப் பாடம் செய்வது. 'வள்ளி திருமண'த்தில் தொடங்குங்கள். அதிகம் போடப்படுவது அதுதான். ஒரு மூத்த நடிகரிடம் பாட நோட்டை வாங்கி உங்கள் கையால் எழுதுங்கள். கைப்பேசியில் படம் பிடித்து வைத்தால் மனத்தில் ஏறாது. வள்ளி வேடம் கேட்கப் போகிறவர் நாரதருடைய வரிகளையும் எழுத வேண்டும். அவர் எந்தச் சொல்லில் முடிக்கிறாரோ அந்த இடத்தில்தான் உங்கள் பாட்டை எடுக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது சுருதி. "உங்களுக்கு எத்தனை கட்டை?", அதாவது உங்கள் குரலுக்குப் பொருந்தும் சுருதி எந்த உயரம் என்று கேட்டால் விழிக்கக் கூடாது. ஐந்து கட்டையா, ஐந்தரையா, நாலா என்று ஒரு பெட்டியின் முன் உட்கார்ந்து கண்டுபிடித்துவிட்டு வாருங்கள். மேல் பஞ்சமத்தை, அதாவது மேல் ஸ்தாயியின் 'ப' சுரத்தை, தொண்டை இறுகாமல் எந்தக் கட்டையில் தொட முடிகிறதோ அதுதான் உங்களுடையது. வள்ளியும் வேலனும் மாறி மாறி வாதாடிப் பாடும் தர்க்கப் பாட்டில் இருவருக்கும் ஒரே பெட்டிதான் என்பதால், அரைக் கட்டை ஏறவும் இறங்கவும் பழகியிருந்தால் உங்களை எல்லோரும் விரும்பி அழைப்பார்கள்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. கொண்டலாம்பட்டி, இளம்பிள்ளை போன்ற இடங்களில் விசைத்தறி ஓசைக்கு மேல் பாடிப் பாடியே வளர்கிறார்கள். குரல் கனமாக வரும், ஆனால் பெட்டியைக் கேட்கும் வழக்கமே இருக்காது. அப்படி வருகிறவர்களை ஒரு மாதம் அதிகாலையில், தறி ஓடத் தொடங்கும் முன், சுருதிப் பெட்டியோடு தாழ்ந்த குரலில் பாடச் சொல்கிறேன். பக்கத்துக் கொடுமுடியில் 1908-இல் பிறந்த கே.பி. சுந்தராம்பாள், ஒலிபெருக்கி இல்லாமலே கொட்டகை நிறையப் பாடியவர். அந்தக் குரலின் உயரத்தைத்தான் எல்லோரும் வியக்கிறார்கள். சுருதியை விட்டு அது நகராததைத்தான் நான் கேட்கச் சொல்வேன். முறையாகக் கற்க நினைக்கும் இளையவர்களுக்குச் சேலத்தில் அரசு இசைப் பள்ளி இருக்கிறது.

கேட்டுப் பார்க்கும் நாளில் நான் மூன்று பாட்டு கேட்பேன். தாளமில்லாத விருத்தம் ஒன்று, மோகன ராகத்திலோ கல்யாணியிலோ. ஆதி தாளத்தில் ஒன்று. பிறகு ஒரு தர்க்கப் பாட்டு. எதிர்ப்பக்கத்தை நானே பின்பாட்டாகப் பாடுவேன். அங்கேதான் சோதனை. நடுவில் வேண்டுமென்றே ஒரு வரியை விட்டுவிடுவேன், அல்லது அரைக் கட்டை ஏற்றிவிடுவேன். மேடையில் நள்ளிரவுக்கு மேல் யாராவது வரியை மறப்பது நிச்சயம். அப்போது நின்றுபோய் என் முகத்தைப் பார்க்காதீர்கள். கடைசியாகக் கேட்ட சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு கேள்வி கேளுங்கள், எதிரில் இருப்பவர் அதற்குள் சுதாரித்துக்கொள்வார். அப்படிச் செய்கிறவரை, பாட்டில் சிறு குறை இருந்தாலும், நான் விடமாட்டேன்.

ஒரு முறை ஏற்காட்டிலிருந்து பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி தன் மாமாவுடன் முதல் பஸ்ஸில் வந்தாள். இறங்கியதும் நேரே வந்து பாடினாள். ஒவ்வொரு வரியும் சுருதிக்குக் கீழே தொங்கியது. இன்னும் ஓராண்டு பயின்றுவிட்டு வா என்று சொல்லி அனுப்ப இருந்தேன். அவள் காதைத் தேய்த்தபடி, "காது அடைத்திருக்கிறது, ஐயா" என்றாள். இருபது கொண்டை ஊசி வளைவுகள், ஆயிரம் மீட்டருக்கு மேல் இறக்கம். அது எனக்குத் தோன்றவே இல்லை. "தண்ணீர் குடித்துவிட்டு உட்கார், கண்ணு" என்றேன். ஒரு மணி நேரம் கழித்து அதே விருத்தத்தைப் பாடினாள். பெட்டியும் அவளும் ஒன்றாக இருந்தார்கள். மலையிலிருந்து வருகிறவர்கள் முந்தின மாலையே இறங்கிவிடுங்கள். முடியாவிட்டால் இறங்கும் வழியில் எச்சிலை விழுங்கிக்கொண்டே வாருங்கள், வந்ததும் அவகாசம் கேளுங்கள். கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

வேடத்துக்குப் பழக எங்கள் ஊரே ஒரு வழி வைத்திருக்கிறது. ஆடித் திருவிழாவில் அம்மாப்பேட்டையிலும் குகையிலும் வண்டி வேடிக்கை நடக்கும். சாமி வேடமிட்டு அலங்கரித்த வண்டியில் நிற்க ஆள் தேடுவார்கள். போய் நில்லுங்கள். அரிதாரம் வியர்வையில் எப்படி இழுக்கும், கிரீடம் நெற்றியை எங்கே அழுத்தும், கூட்டம் கூவும்போது கண் எங்கே ஓடும் என்பதெல்லாம் அந்தச் சில மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

முதலில் தோழி வேடம் கொடுத்தால் மறுக்காதீர்கள். வள்ளிக்கு அருகில் நின்று இரவு முழுவதும் கேட்கலாம், அதற்குச் சம்பளமும் வரும். சம்பளத்தைத் தேதி கொடுக்கும்போதே பேசுங்கள்: எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, பஸ் செலவு யாருடையது, பெண்கள் உடை மாற்ற மறைவிடம் உண்டா. ஓர் ஊரில் விடியும் வரை வாசித்துவிட்டுப் பாதிப் பணத்தோடு நடந்து வந்த பிறகுதான் டைரியில் எழுதிக் கையெழுத்து வாங்கும் பழக்கம் எனக்கு வந்தது. வாய்ப்புத் தருகிறேன் என்று உங்களிடம் பணம் கேட்பவர் யாராயினும் எழுந்து வந்துவிடுங்கள். பெண்பிள்ளைகள் முதல் சில நாடகங்களுக்கு வீட்டாரில் ஒருவரை உடன் அழைத்துவருவது நல்லது.

முதல் இரவன்று மாலை ஆறு மணிக்கே இலேசாகச் சாப்பிட்டுவிடுங்கள். பையில் வெந்நீர்க் குடுவை, பனங்கற்கண்டு, ஊக்கு, இரண்டாவது சோடி சலங்கைக் கயிறு, தேங்காய் எண்ணெய். கொட்டகைக்குள் நுழைந்ததும் பெட்டி வாசிப்பவரிடம் போய் உங்கள் கட்டையைச் சொல்லுங்கள். பிறகு அன்றிரவு உங்களோடு பாடப் போகிறவர் அருகில் உட்கார்ந்து, எந்த வரியில் பாட்டை உங்களிடம் விடுவார் என்று கேளுங்கள். விடிந்ததும் அரிதாரத்தை எண்ணெய் தொட்டுக் கலைத்த பிறகே சோப்பு போடுங்கள். அவசரப்பட்டால் கண் எரியும். அந்த ஏற்காட்டுப் பெண் இப்போது வள்ளி கட்டுகிறாள். நாடகத்துக்கு முந்தின நாளே இறங்கி வந்து எங்கள் வீட்டில்தான் தங்குகிறாள்.